அம்மாவை எங்க வச்சுப் பாக்கிறது? ஃபிளாட், காசு கட்டுற இல்லம், மடம், கனடா எண்டு நாலையும் நிறுத்துப் பாத்தது

"காசு பிரச்சினை இல்லை அக்கா, நல்ல இடமா ஒண்டு சொல்லுங்கோ."

கொழும்பில இருக்கிற அம்மா அப்பாவுக்கு இடம் தேடி, டொரன்டோவில இருந்து வந்தாலும் லண்டனில இருந்து வந்தாலும் எனக்கு வாற கோல் இப்பிடித்தான் துவங்கும். முதல் மாசம் ஆருக்கும் காசு பிரச்சினை இல்லை. ஏழாம் எட்டாம் மாசம், இல்லத்து பில்லோட ஆஸ்பத்திரி பில்லும் சேந்து வந்து, மூண்டு பிள்ளையளில ஒராள் வாட்ஸப்பில நீலக் கோடு விழுந்தும் பதில் போடாம விட்ட பிறகுதான் கதை மாறும்.

நான் இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில. அம்மாவுக்கு இப்ப 84. மூண்டரை வருஷம் ஃபிளாட்டில ஆள் வச்சுப் பாத்தன், பிறகு ஒரு இல்லம், அது சரிவராம இன்னொரு இல்லம், இப்ப அங்கதான் இருக்கிறா. பெரியப்பா கனடாவுக்குப் போய் ஒண்டரை வருஷத்தில திரும்பி வந்தவர். சின்னம்மா இண்டைக்கும் தெஹிவளையில தன்ர வீட்டை விட்டு அசையேல்ல. ஆக எங்கட குடும்பத்துக்குள்ளயே எல்லா வழியும் பாத்தாச்சு, அதால எது நல்லம் எண்டு ஒரு வரியில என்னால சொல்லேலாது, ஆனா எதை வச்சு முடிவெடுக்கிறது எண்டு சொல்லலாம்.

## முதல்ல எதை வச்சு நிறுக்கிறது

எங்கட ஆக்கள் இல்லம் பாக்கப் போனா பாக்கிறது தோட்டம், டைல்ஸ், சிசிடிவி கமரா, பிறகு ஒஃபிஸில இருக்கிற மிஸ் இங்கிலிஷ் கதைக்கிற வடிவு. போறதும் காலமை பத்து மணிக்கு. காலமை பத்து மணிக்கு எந்த இடமும் நல்லாத்தான் இருக்கும், எல்லாரையும் குளிக்க வாத்துப் பவுடர் போட்டு வெளிய கதிரையில இருத்தியிருப்பினம்.

அங்க இருக்கிற ஆக்களட்டக் கேட்டுப் பாருங்கோ. தோட்டத்தைப் பத்தி ஒருத்தரும் கதைக்க மாட்டினம். இரவு ரெண்டு மணிக்குப் பாத்ரூம் வந்தா மணி அடிச்சு எவ்வளவு நேரத்தில ஆள் வரும், தேத்தண்ணி சூடா வருமோ, தோய்க்கப் போட்ட உடுப்பு திரும்பி வருமோ, பக்கத்துக் கட்டில்காரி இரவிரவாக் கத்துவாவோ, இதுகளைத்தான் சொல்லுவினம். நான் ரெண்டு இல்லத்திலயும் மணித்தியாலக் கணக்கா இருந்து கதைச்சதில விளங்கினது, குடும்பம் பாக்கிறது பகலை, இருக்கிற ஆள் அனுபவிக்கிறது இரவை.

அதால என்ர முதல் அளவுகோல் இரவு. ராத்திரிக்கு எத்தினை பேர் முழிச்சிருக்கினம், படுத்திருக்கிற ஆளைச் சேக்கக்கூடாது.

ரெண்டாவது பாஷை. இதை எல்லாரும் லேசா எடுக்கினம், "அம்மாவுக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியுந்தானே" எண்டு. மார்க்கெட்டில மீன் வாங்கிற சிங்களம் வேற, நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது எண்டு சொல்லுற சிங்களம் வேற. மறதி வருத்தம் வந்த கனபேருக்கு, பிறகு படிச்ச பாஷைதான் முதல்ல கழண்டு போறது, கடைசியில மிஞ்சுறது சின்னனில வீட்டில கதைச்சது.

மூண்டாவது சாப்பாடு, அதுவும் நேரம். நாலாவது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா ஆர் கொண்டு போறது, வார்ட்டில ஆர் கூட நிக்கிறது. அஞ்சாவது நிலைமை இறங்கினா வச்சிருப்பினமோ, இல்லாட்டி "இனி எங்களுக்கு ஏலாது, கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டுவினமோ. ஆறாவது காசு, ஆனா இந்த மாசத்துக் காசு இல்லை, ஏழு வருஷத்துக் காசு.

காசைப் பத்தி இங்கயே சொல்லிப்போட்டுப் போறன். வருஷம் 10 வீதம் கட்டணம் கூடினா ஏழு வருஷத்தில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இண்டைக்கு மாசம் ஒரு லட்சம் குடுக்கலாம் எண்டு நினைக்கிறவை அம்மாவின்ர 90 வயசில ரெண்டு லட்சத்துக்குக் கிட்டக் குடுக்க ஏலுமோ எண்டு இண்டைக்கே யோசிக்க வேணும். 10 வீதம் கூட இல்லை எண்டுறவைக்கு 2022ஐ ஞாபகப்படுத்திறன். அந்த வருஷம் செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டிப் படி பணவீக்கம் 69.8 வீதம். மார்ச்சில ரூபாயை மிதக்க விட, 200 சொச்சத்தில இருந்த டொலர் ரெண்டு மாசத்தில 360க்குப் போச்சு. வெளிநாட்டில இருந்து காசு வாற வீடுகளுக்கு அது தெரியேல்ல, சில பேருக்கு லாபமும்கூட. ஆனா ரூபாய்ப் பென்சனை, எஃப்டி (நிலையான வைப்பு) வட்டியை நம்பி இல்லத்தில இருந்தவை பட்ட பாடு வேற. 60 வயசு தாண்டினவைக்கு 15 லட்சம் வரைக்கும் 15 வீத வட்டி எண்டு இருந்த திட்டமும் அதே வருஷம் நிண்டுபோச்சு. அதை வச்சு மாசம் 18,750 ரூபாய் வருமெண்டு கணக்குப் போட்டிருந்த ஒரு ரிட்டயர்ட் ரீச்சரை எனக்குத் தெரியும்.

## வீட்டில ஆள் வச்சுப் பாக்கிறது

எல்லாரும் முதல்ல செய்யிறது இதுதான், செய்யவும் வேணும், அம்மாவுக்கு நடக்க ஏலும் புத்தி தெளிவா இருக்கு எண்டா இதைப்போல ஒண்டில்லை. தன்ர கட்டில், தன்ர சாமிப் படம், கீழ இறங்கினா காலி வீதி, வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயில், வத்தளை கொட்டாஞ்சேனைப் பக்கமெண்டா அங்கத்தைய கோயில், சேர்ச். ஆள் எடுக்கிறதும் முந்தி மாதிரி கஷ்டமில்லை, மலையகத்தில இருந்து வாற பிள்ளையள் தமிழ் கதைப்பினம், ஹட்டன் பக்கத்தால வந்த ஒரு அக்காதான் எங்கட அம்மாவை ரெண்டு வருஷம் பாத்தவ. அவவின்ர கையால வார்த்த குளிப்பை அம்மா இண்டைக்கும் சொல்லுறவ.

ஆனா ஒரு ஆள் ஒரு ஆள்தான். பகல் முழுக்கப் பாத்த மனுசி இரவு நித்திரை கொள்ளத்தானே வேணும். அம்மா விழுந்தது ராத்திரி ரெண்டே முக்காலுக்கு, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையில இருக்கிற ஆறடிக்குள்ள. அந்த அக்கா அதே அறையில பாயில படுத்திருந்தவ, சத்தம் கேட்டுத்தான் முழிச்சவ. அவவில ஒரு பிழையுமில்லை, பிழை என்ர கணக்கில. "24 மணித்தியாலமும் ஆள் இருக்கு" எண்டு நான் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தன், உண்மையில இருந்தது 16 மணித்தியால ஆள்.

இங்கதான் இந்த வழியின்ர உண்மையான கணக்கு இருக்கு. இரவுக்கும் முழிச்சிருக்க ஆள் வேணும் எண்டு வந்த அண்டைக்கு ரெண்டாவது ஆள், செலவு அப்பிடியே ரெட்டிப்பு. அதுவரைக்கும் வீடு மலிவு, அதுக்குப் பிறகு இல்லம் மலிவு. கனபேர் இந்தக் கோட்டைத் தாண்டினது தெரியாம ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இழுத்துக்கொண்டு போறவை, நானும் இழுத்தனான்.

சம்பளத்துக்கு மேல போற செலவையும் ஒருத்தரும் சொல்லுறேல்ல. ஏஜென்சிக்குக் கொமிஷன், ஆள் நிண்டுட்டா திரும்பவும் கொமிஷன். அவவின்ர மூண்டு வேளைச் சாப்பாடு. தீபாவளிக்கும் சித்திரை வருஷத்துக்கும் போனஸ், ஊருக்குப் போற பஸ் காசு, போற பத்து நாளுக்கு வேற ஆள், அந்த வேற ஆளுக்கு நாள் கூலி மற்றவவிலும் பாக்கக் கூட. ரெண்டு அறை ஃபிளாட் எண்டா நீங்கள் ஹோலுக்குள்ள படுக்க வேண்டி வரும். லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டெண்டு சந்தோசப்படுங்கோ, ஆனா ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் குடுத்திருக்கோ எண்டு கேளுங்கோ. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவை, அம்மா நாலாம் மாடியில, படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்ட எயார் மெத்தை காத்துப் போய்த் தட்டையாக் கிடந்தது.

இன்னொண்டு, இது காசில வராது. ஆள் வச்சா நீங்கள் முதலாளி. சண்டை, கோபம், "நான் நாளைக்குப் போறன்" எண்டு பெட்டி கட்டுறது, எல்லாம் உங்கட தலையில. வெளிநாட்டில இருந்துகொண்டு இதை ஃபோனில நடத்தலாம் எண்டு நினைக்கிறவை தயவுசெய்து இன்னொருக்கா யோசியுங்கோ. சின்னம்மாவுக்குச் சரிவாறது ஏனெண்டா அவவின்ர மகள் ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா, த்ரீவீலில அஞ்சு நிமிஷம்.

## காசு கட்டுற இல்லம்

அசிஸ்டட் லிவிங், ரிட்டயர்மன்ட் ஹோம், எல்டர்ஸ் ஹோம் எண்டு விதம் விதமாப் பேர் வச்சிருக்கினம். கொழும்புக்குள்ள காணி விலையால கனக்க இல்லை, கூடுதலா இருக்கிறது ஜா-எல, வத்தளை, பிலியந்தலை, மாலபே, பத்தரமுல்லை பக்கங்களில. எங்கட ஆக்களுக்கு "இல்லம்" எண்ட சொல்லே கசக்கும், "பிள்ளையள் இருந்தும் மடத்தில விட்டிட்டினம்" எண்டு கோயில் வாசலில கதைக்க ஆள் இருக்கு. அம்மாவை விட்ட முதல் மூண்டு மாசம் நான் அந்தக் கோயில் பக்கமே போகேல்ல.

அங்க இருக்கிறவை என்ன சொல்லுகினம் எண்டதை முதல்ல சொல்லுறன். நான் கண்ட பெரிய வித்தியாசம் இடத்துக்கு இடம் இல்லை, ஆளுக்கு ஆள். தானா முடிவெடுத்து வந்தவையும், கொண்டுவந்து விடப்பட்டவையும். பாங்கில வேலை செய்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, மனுசி செத்த பிறகு தானே மூண்டு இடம் போய்ப் பாத்துத் தன்ர கையெழுத்தில தானே வந்தவர், அவருக்கு அந்த இடம் ஹொட்டேல். "லைட் பில் கட்டத் தேவையில்லை, காஸ் சிலிண்டர் தேடத் தேவையில்லை, செஸ் விளையாட ஒராள் இருக்கு" எண்டுறார். அதே மேசையில அதே சூப்பைக் குடிச்சுக்கொண்டிருந்த ஒரு மாமி, "ரெண்டு கிழமைக்கு எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவங்கள் தங்கச்சி, பதினொரு மாசமாச்சு" எண்டா. அந்த மாமிக்கு சூப் தண்ணி, கட்டில் கல்லு, மிஸ்மார் எல்லாரும் கள்ளர். பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு போறதை மட்டும் செய்யாதேங்கோ, அதுக்குப் பிறகு எவ்வளவு நல்ல இடத்தில வச்சாலும் அது அவைக்கு மறியல்தான்.

குடும்பங்கள் சொல்லுறது வேற. "இப்பத்தான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" எண்டுறதுதான் கூட. உண்மை, எனக்கும் அப்பிடித்தான். ராத்திரிக்கு முழிச்சிருக்க ரெண்டு பேர், பிரஷர் பாக்க ஒரு நேர்ஸ், கிழமைக்கு ஒருக்கா டொக்டர், வழுக்காத பாத்ரூம், சுவரில பிடிக்கக் கம்பி, அம்மாவின்ர வயசில நாலு பேர். வாட்ஸப் குரூப்பில படம் வரும். படத்தை நம்பாதேங்கோ, கேக் வெட்டுற படத்தில எல்லாரும்தான் சிரிக்கினம்.

முதல் இல்லத்தில என்ன நடந்தது எண்டு சொல்லுறன், இடத்தின்ர பேர் வேண்டாம். துப்பரவெண்டா சரியான துப்பரவு, ஆக்களும் நல்ல பிள்ளையள், ஆனா தமிழ் தெரிஞ்சது ஒரேயொரு ஆள், அவவும் பகல் ஷிஃப்ட். அம்மாவுக்குத் தெரிஞ்ச சிங்களம் மூண்டு சொல்லு: கீயத (எவ்வளவு), எப்பா (வேண்டாம்), ஹரி (சரி). ஒருநாள் இரவு கட்டிலால இறங்கேக்க கால் மடங்கியிருக்கு. ராத்திரி ட்யூட்டிப் பிள்ளை வந்து "ரிதெனவாத அம்மே?" எண்டு கேட்டிருக்கு, நோகுதோ எண்டு. அம்மா வழமையாச் சொல்லுற மாதிரி "ஹரி, ஹரி" எண்டு தலையை ஆட்டியிருக்கிறா. அந்தப் பிள்ளையும் சரியாம் எண்டு எழுதிப்போட்டுப் போயிட்டுது. கணுக்கால் வீங்கி நிறம் மாறினதை நான் கண்டது ஞாயித்துக்கிழமை, ரெண்டு நாள் கழிச்சு. அந்தப் பிள்ளையை ஏச எனக்கு மனம் வரேல்ல, கேட்டது, பதில் வந்தது, எழுதினது, எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு.

நாலு மாசத்தில மாத்தினன். இப்ப இருக்கிறது வத்தளைப் பக்கம், சின்ன இடம், டைல்ஸ் பழசு, தோட்டமெண்டு சொல்ல ஒரு தேசிக்காய் மரம். ஆனா இரவு ஷிஃப்டில தமிழ் கதைக்கிற ஒராள் கட்டாயம் இருக்கு, நான் அதைக் கேட்டு எழுத்தில வாங்கினனான்.

சாப்பாட்டில ரெண்டு விஷயம். "வெஜிடேரியன் தருவம்" எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா சம்பலுக்க மாசி கிடக்கும், பருப்புக்கும் சில குசினியில மாசித்தூள் போடுவினம், அது மீனெண்டு அவைக்குத் தோணுறதே இல்லை. சைவக்காரருக்கு இதைப் பேர் சொல்லிக் கேக்க வேணும், "மாசி போடுறீங்களோ" எண்டு. மற்றது நேரம். கன இடங்களில இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு முடிஞ்சிடும், ஏனெண்டா பகல் ஆக்கள் வீட்டை போக முன்னம் பிளேட் கழுவ வேணும். அடுத்த சாப்பாடு காலமை ஏழரைக்கு. பதிமூண்டு மணித்தியாலம். சீனி வருத்தக்காரருக்கு, அதுவும் மாலையில குளிசையோ இன்சுலினோ எடுக்கிற ஆளுக்கு, இது சின்ன விஷயமில்லை, விடியக்காலமை சீனி இறங்கி வேர்த்து விறைச்சுக் கிடப்பினம். ஒன்பது மணிக்குப் பாலும் ரெண்டு மேரி பிஸ்கட்டும் குடுப்பினமோ எண்டு கேளுங்கோ.

விளக்கேத்த விட மாட்டினம், ஒக்சிசன் இருக்கிற இடம், நியாயம்தான். அம்மாவுக்கு பற்றரியில எரியிற விளக்கு ஒண்டு வாங்கிக் குடுத்தன், அதைச் சாமி விளக்கெண்டு ஏற்க மூண்டு கிழமை எடுத்தது.

கட்டணத்தில சேராத செலவுகள்தான் கனக்க. பம்பர்ஸ், மருந்து, ஸ்பெசலிஸ்ட் டொக்டரைச் சனல் பண்ணுற (நேரம் எடுத்துக் காட்டுற) காசு, பிசியோ, தலைமயிர் வெட்டுறது, ஆஸ்பத்திரிக்கு வாகனம். நிலைமை இறங்க இறங்கக் கட்டணப் படியும் ஏறும்: தானா நடக்கிற ஆளுக்கு ஒண்டு, வீல்செயாருக்கு ஒண்டு, படுக்கையில எண்டா இன்னொண்டு, மூக்கால ட்யூப் போட்டா அதுக்கு மேல. இந்த நாலு படியின்ர விலையையும் முதல் நாளே கேளுங்கோ, கன பேர் முதல் படியை மட்டும் கேட்டுக் கையெழுத்து வைக்கினம். ஆஸ்பத்திரியில கூட நிக்க ஆள் அனுப்பினா நாளுக்கு இவ்வளவெண்டு தனி. 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் இலவசம், நல்ல சேவை, ஆனா அது கொண்டுபோறது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. பிலியந்தலைப் பக்கமெண்டா களுபோவிலை ஆகலாம், வத்தளையெண்டா ராகமை ஆகலாம், நீங்கள் வெள்ளவத்தையில இருந்து அந்த வார்ட்டுக்கு நாளுக்கு ரெண்டு தரம் ஓட வேண்டி வரும். இல்லம் தெரிவு செய்யேக்க ஆஸ்பத்திரியையும் சேத்துத்தான் தெரிவு செய்யிறீங்கள்.

வெள்ளத்தையும் பாருங்கோ. 2016 மே மாசமும் 2025 நவம்பர் கடைசியிலயும் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் தாண்டது எல்லாருக்கும் தெரியும். கீழ் மாடியில படுக்கையில இருக்கிற பத்துப் பேரை ஆர் மேல தூக்கிறது?

பதிவு: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்ர கீழ இப்பிடியான இல்லங்கள் பதிய வேணும். பதிவுப் பத்திரம் காட்டச் சொன்னா முகம் சுழிக்கிற இடத்தில தேத்தண்ணி குடிச்சுப்போட்டு எழும்பி வாங்கோ.

இதுக்குக் காசு எங்கால எண்டா, ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு அந்தக் காசில கட்டலாம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். சரிதான், ஆனா விட்ட அண்டோட திரும்பி வர வீடில்லை. அதை அம்மாவும் விளங்கிக்கொள்ளுவா. முதல் ஆறு மாசம் ஃபிளாட்டைப் பூட்டி வச்சிருக்க ஏலுமெண்டா வச்சிருங்கோ. எஃப்டி எண்டா, உதாரணத்துக்கு ஒரு கோடி 8 வீதத்தில போட்டா வருஷம் 8 லட்சம், அதில 2025 ஏப்ரலில இருந்து 10 வீதம் வட்டி வரி பிடிச்சா கையில மாசம் 60,000. வருமானம் வரி எல்லைக்குக் கீழ இருக்கிற ஆள் சுயபிரகடனம் குடுத்தா அந்த வரியைப் பிடியாம விடுவினம், பாங்கில கேட்டு எழுதிக் குடுங்கோ, தாங்களா வந்து சொல்ல மாட்டினம்.

## மடங்கள், தர்ம இல்லங்கள்

கன்னியர் மடங்கள், கோயில் சபைகள், சங்கங்கள் நடத்துறது. கட்டணம் இல்லை, இல்லாட்டி ஏலுமானதைக் குடுக்கலாம். பராமரிப்பு மோசமெண்டு நினைக்கிறது பிழை, சிஸ்டர்மார் பாக்கிற இடங்களில நான் கண்ட பொறுமையைக் காசு கட்டுற இடத்தில காணேல்ல. ஆனா அது ஒருத்தரும் இல்லாத ஆக்களுக்கெண்டு இருக்கிற கட்டில். லண்டனில ரெண்டு வீடு வச்சிருக்கிற பிள்ளையளின்ர தாய்க்கு அந்தக் கட்டிலைக் கேக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல, அவையும் அநேகமா எடுக்க மாட்டினம். வெயிட்டிங் லிஸ்ட் நீளம், பொது ஹோல், தனியறை இல்லை, கன இடங்களில சேரேக்க தன்ர வேலையைத் தானே செய்யக்கூடிய ஆளா இருக்க வேணும்.

ஒரு பக்கக் கதை: பிள்ளையள் பாக்காத, கையில காசில்லாத தாய் தேப்பன்மார் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட, நான் மேல சொன்ன அதே சட்டத்தில பராமரிப்புச் சபை ஒண்டு இருக்கு. எங்கட ஆக்கள் செத்தாலும் போக மாட்டினம், பிள்ளையின்ர மானம் எண்டுவினம்.

## பிள்ளையளட்டக் கனடாவுக்கு

பிள்ளையள் கனடாவில இருக்கிற தாய் தேப்பன் போய் நிக்கிறதுக்கெண்டு இருக்கிற சூப்பர் விசா 2011 டிசம்பரில வந்தது, 2022 ஜூலைக்குப் பிறகு ஒருக்காப் போனா அஞ்சு வருஷம் நிக்கலாம். ஆகக் குறைஞ்சது ஒரு லட்சம் கனேடியன் டொலருக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்க வேணும், 80 தாண்டின, சீனியும் பிரஷரும் இருக்கிற ஆளுக்கு அது எவ்வளவில முடியும், எந்த வருத்தத்தைத் தவிர்த்து எழுதுவினம் எண்டதில கிடக்கு விஷயம். விசிட்டர் எண்டபடியா ஒன்டாரியோ ஹெல்த் கார்ட் இல்லை. இஞ்ச பெரியாஸ்பத்திரியில சும்மா கிடைக்கிற வைத்தியம் அங்க பில். லண்டனெண்டா 2012இல விதியை இறுக்கின பிறகு தாய் தேப்பனை நிரந்தரமாக் கூப்பிடுறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

பெரியப்பாவுக்குக் காசோ இன்சூரன்ஸோ பிரச்சினை இல்லை. மகனும் மருமகளும் காலமை ஏழுக்குப் போனா இரவு ஏழுக்கு வருவினம், பேரன் பள்ளிக்கூடத்தால வந்து மேல அறைக்குப் போயிடுவான். பேஸ்மன்டில தமிழ் டிவி. நொவெம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஜன்னலுக்கு வெளிய வெள்ளை. "கொழும்பில இல்லத்தில இருந்தா தனிமை எண்டுறாங்கள், நான் மகன்ர வீட்டிலதானே பன்ரெண்டு மணித்தியாலம் தனிய இருந்தனான்" எண்டு வந்து சொன்னார். ஆனா இது எல்லாருக்கும் பொருந்தாது. 70க்குள்ள, சுகதேகி, பேரப்பிள்ளை சின்னன், ஸ்காபரோவில பஸ் எடுத்துக் கோயிலுக்குப் போகத் தெரியுமெண்டா அங்கயே நல்லா இருக்கிறவையும் கனபேர்.

## ஒரு பார்வையில

| | வீட்டில ஆள் | காசு இல்லம் | மடம் | கனடா |
|---|---|---|---|---|
| இரவு | ஒரு ஆளெண்டா பலவீனம் | நல்லம், எத்தினை பேர் எண்டு கேக்க வேணும் | இடத்தைப் பொறுத்தது | பிள்ளையள் வீட்டில |
| பாஷை | தமிழ் ஆள் எடுக்கலாம் | பெரிய சிக்கல் | இடத்தைப் பொறுத்தது | வீட்டுக்குள்ள சரி, வெளிய இல்லை |
| சாப்பாடு | விருப்பப்படி | மாசியும் ஆறரை மணியும் | கிடைக்கிறது | வீட்டுச் சாப்பாடு |
| ஆஸ்பத்திரி | நீங்கள்தான் ஓட வேணும் | கொண்டுபோவினம், நிக்கத் தனிக்காசு | அவையே பாப்பினம், அரசாங்கம் | இன்சூரன்ஸ் |
| நிலைமை இறங்கினா | ரெண்டு ஆள், ரெட்டிப்புச் செலவு | படிப்படியாக் கட்டணம் ஏறும் | சேந்தவையைக் கைவிடுறது குறைவு | ஆகக் கஷ்டம் |
| மறைஞ்ச செலவு | கொமிஷன், மாத்து ஆள், உங்கட நேரம் | பம்பர்ஸ், சனல், படி மாற்றம் | இல்லை | இன்சூரன்ஸ் தவிர்ப்புகள் |

## அப்ப ஆருக்கு எது

நடக்க ஏலும், இரவில எழும்புறது ஒருக்காத்தான், பிள்ளை ஒண்டு கொழும்பில இருக்கு: வீடு, வேற யோசனையே வேண்டாம். பாத்ரூமில கம்பி பூட்டுங்கோ, கட்டிலடியில லைட் போடுங்கோ, அது காணும்.

இரவில மூண்டு நாலு தரம் எழும்புறா, இல்லாட்டி அடுப்பை மூட்டிப்போட்டு மறக்கிறா, கதவைத் திறந்துகொண்டு வெளிய போறா, பிள்ளையள் எல்லாரும் வெளிநாடு: இல்லம். விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்ச பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில வச்சு இடம் தேடினா எந்த இடத்தில கட்டில் காலியோ அங்கதான் போகும், விழ முன்னமே பாத்து வையுங்கோ. புருஷன் மனுசி ரெண்டு பேரும் உயிரோட இருக்கேக்க ஒராளுக்கு மட்டும் ஏலாமப் போனா, ரெண்டு பேரையும் சேத்து ஒரே அறையில எடுக்கிற இடம்தான் தேட வேணும், பிரிச்சா மற்ற ஆளும் விழுந்திடும், இதில எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

தெளிவில்லாட்டி ஒரு மாசம் சோதிச்சுப் பாருங்கோ, நிறைய இடங்கள் குறுகின காலத்துக்கும் எடுக்கினம். அந்த மாசத்தில சொல்லாமப் போங்கோ, ஆறு மணிக்குப் போங்கோ, பத்து மணிக்கு ஃபோன் எடுத்து "அம்மா படுத்திட்டாவோ" எண்டு கேட்டு, எடுக்கிற ஆளுக்கு அம்மா ஆரெண்டு தெரியுதோ எண்டு பாருங்கோ. உடுப்பெல்லாத்திலயும் பேர் தைச்சுக் குடுங்கோ. நான் தைக்கேல்ல, ஒருநாள் போகேக்க அம்மா ஆரோ ஒரு சிங்கள அம்மாவின்ர ஊதா ஹவுஸ்கோட்டோட இருந்தா, அந்த அம்மா எங்கட அம்மாவின்ரயோட எதிர்க் கதிரையில. நான் சிரிச்சுப்போட்டன், அம்மா சிரிக்கேல்ல. அவவுக்கு அது கடைசியா மிஞ்சின தன்ர சாமான்.

ஒப்பந்தத்தில மூண்டு இடத்தை விரலால தொட்டு வாசியுங்கோ. எவ்வளவு காலத்துக்கு ஒருக்கா, எத்தினை வீதம் கூட்டுவினம், "விலைவாசிக்கேற்ப" எண்டு மட்டும் கிடந்தா எல்லையைப் போடச் சொல்லுங்கோ. விலக எத்தினை நாள் நோட்டிஸ். ஆள் செத்தா டெபொசிட் எத்தினை நாளில திரும்பி வரும், அறையை எத்தினை நாளில ஒதுக்க வேணும், பிள்ளையள் பிளைட் ஏறி வரும்வரை மலர்ச்சாலைக்கு அறிவிக்கிறது ஆர். கேக்க மனம் கூசும், கேளுங்கோ. பிறகு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, ஆர் எவ்வளவு கட்டுறது எண்ட கணக்கோட மற்றப் பிள்ளையளுக்கும் அனுப்பிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ. நீலக் கோடு விழுந்ததுக்கு அத்தாட்சி இருக்கட்டும்.